முடிச்சு எந்தப் பக்கம்

எங்க வீட்டுக்காரர் சகாதேவனைப் பத்திச் சொல்லணும்னா, முதல்ல எங்க வீட்டு நடுச்செவுத்தைப் பத்திச் சொல்லியாகணும். ரெண்டும் ஒண்ணா வளந்ததுங்க. நான் கழுத்தை நீட்டினது மனுஷனுக்கா செவுத்துக்கான்னு சில நாள் எனக்கே குழம்பும்.

வீடு கோயிலோட மேக்குக் கோபுரமான பே கோபுரத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்கு. நாட்டு ஓடு போட்ட பழங்காலத்து வீடு. நீளமா ஒரு கூடம், அதுல வரிசையா தேக்குத் தூணுங்க. அந்தக் கூடத்தை ரெண்டா அறுத்த மாதிரி வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் ஒரு தட்டிச் செவுரு போகுது. செங்கல்லு கிடையாது. மூங்கிலைப் பொளந்து குறுக்கும் நெடுக்குமா வெச்சு, பனை நாரால இறுக்கிக் கட்டி, வைக்கோல் போட்டு மிதிச்ச மண்ணை ரெண்டு பக்கமும் அப்பி, மேல சுண்ணாம்பு அடிச்சது. இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம் இவரோட பெரியப்பா பையன் அருள்ராஜும் அவர் சம்சாரம் பொன்னியும்.

இவருக்கும் அருள்ராஜுக்கும் சில மாசம்தான் வித்தியாசம். சின்ன வயசுல ஒரே தட்டுல சாப்பிட்டு ஒரே பாயில படுத்தவங்க. பள்ளிக்கூடத்துல ஒருத்தன் அடி வாங்கினா இன்னொருத்தன் அழுவானாம். ஒரு கோடை லீவுல ரெண்டு அம்மாவும் அவங்கவங்க புள்ளையைக் கூட்டிக்கிட்டு பொறந்த வீட்டுக்குப் போயிருக்காங்க. திரும்பி வந்து பாத்தா கூடத்துக்கு நடுவுல செவுரு நிக்குது, மண்ணு கூட சரியா காயல. இது உங்க பெரியப்பன் பண்ண வேலைன்னு என் மாமியார் இவர்கிட்ட சொல்லியிருக்காங்க. உங்க சித்தப்பன் பண்ண வேலைன்னு அந்தப் பக்கம் அருள்ராஜோட அம்மா சொல்லியிருக்காங்க. கட்டும்போது பாத்தவங்க யாரும் இல்ல. ரெண்டு அப்பனுங்களும் அதைப் பத்தி வாயே திறக்கல, போய்ச் சேர்ற வரைக்கும் திறக்கல.

அன்னைக்கு நிறுத்தினதுதான் பேச்சு. எதிர்ல வந்தா இவர் செருப்பைப் பாப்பார், அவர் கோபுரத்தைப் பாப்பார். நானும் பொன்னியக்காவும் மட்டும் குழாயடியில ஆம்பளைங்களுக்குத் தெரியாம பேசிக்குவோம். எங்களுக்கு என்ன வந்துச்சு, எங்க கல்யாணத்துக்கு முன்னாடி எவன் செவுரு வெச்சா என்ன?

இவர் வேலை பாக்குறது ஒரு லாட்ஜ்ல, முன்னால உக்காந்து சாவி எடுத்துக் குடுக்கிற வேலை. பௌர்ணமி வந்தா ஆந்திராவுல இருந்து வர்றவன், பெங்களூர்ல இருந்து வர்றவன், எவனா இருந்தாலும் சிரிச்ச முகமா ரூம் குடுப்பார். குழந்தை குட்டியோட ரூம் கிடைக்காம நிக்கிறவங்களைப் பாத்தா மனசு கேக்காது, மாடிப்படி ஓரத்துலயாவது பாயைப் போட்டுக் குடுப்பார். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக்கு வந்தா, அந்தப் பக்கத்துல இருந்து தாளிக்கிற வாசனை வந்தாலும் அதுல ஒரு குத்தம் கண்டுபிடிப்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஒரு தடவை எங்க டிவி ரிப்பேர். அன்னைக்குப் பாத்து கிரிக்கெட் ஃபைனல். மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? ஏதோ இடுப்பு வலி மாதிரி செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, அவங்க டிவியில ஓடுற மேட்சைக் காதால கேட்டுக்கிட்டிருந்தார். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் சத்தம் ஜாஸ்தியாச்சு. ஒவ்வொரு பந்தும் எங்க கூடத்துல நடக்கிற மாதிரி கேட்டுச்சு. பாரு, வம்புக்கு இழுக்கிறான்னார் இவர். ஆனா எழுந்திருக்கல, கடைசி பந்து வரைக்கும் உக்காந்தே இருந்தார்.

செவுரு விரிசல் விட்ட கதையையும் சொல்லிடுறேன். எனக்குப் பொறந்த வீடு அடி அண்ணாமலை. மாட்டுக் கொட்டாய்க்கும் தோட்டத்துக்கும் நாங்களே தட்டி கட்டி மண்ணு பூசுவோம். கல்யாணம் ஆகி வந்த புதுசுல, கார்த்திகை தீபத்துக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது செவுத்துல ஒரு விரிசலைப் பாத்து, மண்ணும் சாணியும் பிசைஞ்சு எடுத்துக்கிட்டு வந்தேன். குரலே ஒசத்தாத இவர் ஓடி வந்து சட்டியைப் புடுங்கிக் கொல்லையில கொட்டிட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் மெதுவா சொன்னார், செவுரு வெச்சவன்தான் அதுக்கு மண்ணு வெக்கணுமாம், நாம கை வெச்சா நாமதான் எழுப்பினோம்னு ஆயிடுமாம். குடும்பத்தைப் பிரிச்ச பழி அவர் அப்பா மேல வந்துடுமாம். சுண்ணாம்பு அடிக்கலாம், அது சுத்தம். மண்ணு வெக்கக் கூடாது, அது ஒப்புதல்.

அந்தப் பக்கமும் இதே சட்டம்தானாம், பொன்னியக்கா சொன்னாங்க. அதனால செவுரு அது பாட்டுக்கு உதிர்ந்துச்சு, ரெண்டு வீட்டுலயும் விரிசல் மேல காலண்டர் மாட்டினோம். ஒரு நாள் தூசி தட்டக் காலண்டரைத் தூக்கிப் பாத்தா, ஓட்டை வழியா அவங்க காலண்டரோட முதுகு தெரியுது. அதைப் பாத்துட்டு நான் எங்க காலண்டரைத் திரும்ப மாட்டிட்டேன்.

இப்படியே காலம் ஓடிச்சு. எங்க பொண்ணு கவிநிலா படிச்சு சென்னைக்கு வேலைக்குப் போயிட்டா. அருள்ராஜ் பையன் கீழ்பென்னாத்தூர்ல கடை வெச்சுட்டான், அப்பா அம்மாவை அங்கயே வந்துடச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். இந்த வருஷம் ஐப்பசியில அருள்ராஜ் மனசு வந்து, அவர் பாதியை திருமலைன்னு ஒருத்தருக்கு விக்க முடிவு பண்ணார். ஊருக்குள்ள லாட்ஜ் வெச்சிருக்கிறவர். பழசை இடிச்சுட்டு மாடி மாடியா எழுப்பப் போறார்.

டேப்பும் கையுமா எங்க வாசலுக்கு வந்த திருமலை, நல்ல மரியாதையாத்தான் கேட்டார். நடுச்செவுரு யாரோடது, பத்திரத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லையேன்னார். இவர் யோசிக்கவே இல்ல. வாழ்நாள் பூரா சொன்ன பழக்கம் வாயில வந்துடுச்சு.

"அவங்களுதுதான். அவங்க அப்பா எழுப்பினது."

திருமலைக்கு ஒரே சந்தோஷம். அப்போ அவங்க பாதியோட சேத்து செவுத்தையும் எடுத்துடுறேன்னு சொல்லிட்டு, டேப்பைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் கூரையை அண்ணாந்து பாத்தேன். செவுரு போனா எங்க கூடத்துக்கு ஒரு பக்கம் வெட்டவெளி. கூரையோட உச்சி மரம் அந்தச் செவுத்துக்கு மேலதான் போகுது, அதையும் அறுத்துட்டா எங்க பாதி ஓடு எதுல நிக்கும்? புதுசா செவுரு எழுப்ப எங்களுக்கு வசதி ஏது? இருக்கிறது இந்த அரை வீடு ஒண்ணுதான்.

நான் சொல்லச் சொல்லத்தான் இவருக்கு உறைச்சுது. போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க, செவுரு எங்களுதுன்னு சொல்லுங்கன்னேன். அது எப்படி சந்திரா முடியும்னார். எங்களுதுன்னா எங்க அப்பா வெச்சார்னு அர்த்தம், எங்க அப்பாதான் குடும்பத்தை உடைச்சார்னு அர்த்தம், அதை என் வாயால எப்படிச் சொல்றதுன்னு கேட்டார். சொல்லலைன்னா உங்க அப்பா வாழ்ந்த வீடு இருக்காதுய்யான்னு கத்தினேன். அவருக்கு என்ன பண்றதுன்னே புரியல. சாப்பிட உக்காருவார், சோத்தைப் பிசைவார், எழுந்து போயிடுவார். லாட்ஜ்ல யாருக்கோ வேற ரூம் சாவியை மாத்திக் குடுத்து, உள்ள ஆள் இருக்கிற ரூமைத் திறந்துட்டாங்களாம். அவர் சர்வீஸ்லயே நடக்காத விஷயம்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பக்கமும் அதே கூத்து. திருமலை அங்க போய்க் கேட்டதுக்கு, செவுரு சகாதேவன் வீட்டுதுன்னு அருள்ராஜும் பழக்கத்துல சொல்லியிருக்கார். எல்லாம்தான் காதுல விழுதே. செவுரு நம்மளுதுன்னு சொல்லிடுங்க, இல்லைன்னா திருமலை பின்வாங்கிடுவார்னு பொன்னியக்கா சொல்றாங்க. அருள்ராஜ் கேக்குறார், எங்க அப்பன் வெச்சான்னு நான் எப்படிடி சொல்லுவேன்னு. ரெண்டு வீட்டுலயும் ஒரே சண்டை, ஒரே வார்த்தை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, அப்புறம் ஏன்னே தெரியாம அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலையில திருமலை ரெண்டு வீட்டுக்காரங்களையும் சந்துல நிக்க வெச்சார். கடைசியா கேக்குறேன், செவுரு யாரோடதுன்னார். இவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, எங்க அப்பா வெச்சதுன்னார். அதே நேரத்துல அருள்ராஜும், எங்க அப்பா வெச்சதுன்னார். ரெண்டு பேரும் திடுக்குனு நிமிர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எத்தனையோ வருஷம் கழிச்சு நேருக்கு நேரா பாத்தது அதுதான். திருமலை தலையைச் சொறிஞ்சார். இத்தனை நாள் உன்னுது உன்னுதுன்னீங்க, இப்ப என்னுது என்னுதுங்கிறீங்க, எனக்குக் கிறுகிறுங்குதுன்னார்.

எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. எங்க ஊர்ல வேலித் தகராறு வந்தா யாரையும் கேக்க மாட்டாங்க, முடிச்சைப் பாப்பாங்க. கட்டினவன் நிக்கிற பக்கம்தான் முடிச்சு விழும். உள்ள போனேன், காலண்டரைக் கழட்டிக் கடாசினேன், கடப்பாரையை எடுத்து ஓட்டையைச் சுத்தி ரெண்டு போடு போட்டேன். மண்ணு கட்டி கட்டியா விழுந்துச்சு. வாங்க, வந்து பாருங்க உங்க அப்பனுங்க லட்சணத்தைன்னு கூப்பிட்டேன். இவரும் திருமலையும் எங்க பக்கம் வந்தாங்க. அருள்ராஜும் பொன்னியக்காவும் அவங்க பக்கம் போய் அங்க தட்டினாங்க.

மண்ணுக்குள்ள வைக்கோல் இன்னும் மஞ்சளாவே இருந்துச்சு. மூங்கில் கறுத்துப் போய் நல்லா கெட்டியா இருந்துச்சு. முடிச்சு எங்க பக்கம். அதைப் பாத்ததும் இவர் தூணைப் புடிச்சுக்கிட்டார். வீடு மிஞ்சுச்சு, ஆனா அப்பா போயிட்டார்ங்கிற மாதிரி ஒரு முகம். அதுக்குள்ள அந்தப் பக்கத்துல இருந்து பொன்னியக்கா, முடிச்சு இங்கதான் இருக்குன்னு குரல் குடுத்தாங்க. நான் நல்லா குனிஞ்சு பாத்தேன். முதல் வரிசை முடிச்சு எங்க பக்கம், அடுத்த வரிசை அவங்க பக்கம், அதுக்கு மேல மறுபடி எங்க பக்கம். நாரு இங்க இருந்து உள்ள போகுது, அந்தப் பக்கம் முடிச்சு வாங்கிக்கிட்டுத் திரும்பி வருது.

ஒவ்வொரு முடிச்சையும் விரலால தடவிப் பாத்தேன். இப்படி ஒரு ஆள் கட்ட முடியாது. ஒருத்தன் இந்தப் பக்கம் நின்னு நாரை நுழைச்சா, ஒருத்தன் அந்தப் பக்கம் நின்னு இழுத்து முடிஞ்சு திருப்பித் தரணும். எங்க பக்கத்து முடிச்சை இவர் பாத்துக்கிட்டே இருந்தார். எல்லாம் இடது பக்கமா வளைஞ்சு விழுந்த முடிச்சு. என் மாமனார் இடது கைக்காரர். பள்ளிக்கூடப் புஸ்தகத்தை அப்படித்தான் கட்டிக் குடுப்பாராம், அவிழ்க்கவே வராதாம்.

ரெண்டு பேரும் சேர்ந்து கட்டியிருக்காங்க. அண்ணனும் தம்பியும், எதிர் எதிர்ல நின்னுக்கிட்டு, மூங்கில் சந்துல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு. ஏன் கட்டினாங்க? ஏன் ஒரு வார்த்தை சொல்லல? பொம்பளைங்க சண்டை தாங்காம கட்டினாங்களா, பங்கு போட்டுக்கிட்டு நிம்மதியா கட்டினாங்களா, அழுதுக்கிட்டே கட்டினாங்களா? கேக்குறதுக்கு யாரும் மிச்சம் இல்ல. என் மாமனார் பௌர்ணமிக்கு கிரிவலம் தனியாத்தான் போவார். பெரியவரும் தனியாத்தான் போவார்னு பொன்னியக்கா சொன்னாங்க. தனியாத்தான் சுத்தினாங்களான்னு இப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு.

திருமலைதான் முதல்ல வாயைத் திறந்தார். பொதுச் செவுருன்னா நான் கை வெக்க முடியாது, கொஞ்சம் உள்ள தள்ளி என் செவுரை நானே எழுப்பிக்கிறேன்னார். இடம் குறையுதேன்னு முனகினார், விலையில புடிச்சுக்குவேன்னார். அருள்ராஜ் சரின்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். உச்சி மரமும் செவுரும் நின்னுடுச்சு. எங்க வீடு எங்களுக்கு. நான் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏத்தினேன்.

ஆனா இவர் ஓட்டை முன்னாடி உக்காந்தவர் எழுந்திருக்கல. காப்பி குடுத்தேன், ஆறிப் போச்சு. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டார்.

"அப்போ நான் இத்தனை வருஷமா யார் மேல கோவமா இருந்தேன் சந்திரா?"

நான் ஆறின காப்பியைச் சூடு பண்ண எடுத்துக்கிட்டுப் போனேன்.

ஓட்டையை மூடணும். மழை புடிச்சுக்கிச்சு, அந்தப் பக்கம் இடிக்க ஆரம்பிச்சா தூசியெல்லாம் சோத்துல விழும். அடி அண்ணாமலையில இருந்து பொளந்த மூங்கில் தப்பையும் நாரும் வரவழைச்சு, நாரைத் தண்ணியில ஊறப் போட்டேன். மண்ணு பிசைஞ்சு சட்டியில எடுத்துக்கிட்டு வந்தேன். இந்தத் தடவை இவர் புடுங்கல. தப்பையை வெச்சு நாரை உள்ள நுழைச்சார். அது அந்தப் பக்கம் தொங்கிக்கிட்டு நின்னுச்சு. நான் சுத்திப் போய் இழுக்கட்டுமான்னு கேட்டேன். பதில் சொல்றதுக்குள்ள நாரு வெடுக்குனு இழுபட்டுச்சு.

"சகா, புடிச்சுக்கோ. விட்டுடாத."

அருள்ராஜ் குரல். செவுரு வழியா தினமும் கேட்ட குரல்தான், ஆனா இதுவரைக்கும் எங்களைப் பாத்துப் பேசினதே இல்ல. இவர் புடிச்சுக்கிட்டார். முடிஞ்சு திருப்பி அனுப்பினார். அது திரும்பி வந்துச்சு. வரிசை ஏற ஏற ஓட்டை சின்னதாச்சு. முதல்ல அருள்ராஜோட முழு முகம் தெரிஞ்சுது, அப்புறம் மூக்கும் வாயும், அப்புறம் விரல் மட்டும். என்னமோ கணக்கு வாத்தியார் கதையைப் பேசிக்கிட்டு ரெண்டும் பொங்கிப் பொங்கிச் சிரிக்குதுங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. செவுரு வந்ததுக்காக வாழ்நாள் பூரா முறைச்சுக்கிட்டு இருந்தவங்க, செவுத்தைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. மண்ணுச் சட்டியோட நான் இந்தப் பக்கம் முழிக்கிறேன், பொன்னியக்கா அந்தப் பக்கம் முழிக்கிறாங்க.

கடைசி முடிச்சு வந்துச்சு. இவர் நாரை அந்தப் பக்கம் தள்ளி, நீயே போடுன்னார். அது திரும்பி வந்துச்சு, நீ போடுன்னு. மறுபடி தள்ளினார். மறுபடி வந்துச்சு. மண்ணு காயுது, யாராவது ஒருத்தர் போட்டுத் தொலைங்கன்னு நான் கத்தினேன். போட்டுட்டாங்க. யார் பக்கம் விழுந்துச்சுன்னு அவசரத்துல நான் பாக்கல, பொன்னியக்காவும் பாக்கலையாம். மண்ணு அப்பினதுக்கு அப்புறம் கேட்டேன். இவர் சொல்லல. அவர்கிட்ட பொன்னியக்கா கேட்டாங்க, அவரும் சொல்லல.

அடுத்த வாரம் அவங்க சாமான் எல்லாம் வேன்ல போச்சு, டிவியும் போச்சு. அன்னைக்கு மேட்ச் இருந்துச்சு. இவர் எங்க டிவி சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சுட்டு செவுத்துல சாஞ்சு உக்காந்தார். காலி வீட்டுல இருந்து அருள்ராஜ் குரல் வந்துச்சு, கம்மி பண்ணுடா, வம்புக்கு இழுக்கிறியான்னு. இவர் இன்னும் கொஞ்சம் ஏத்தினார். மேட்ச் முடியிற வரைக்கும் அந்தப் பக்கம் ஒருத்தர் முதுகு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் அவங்க கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் புடிக்கக் கிளம்பினாங்க.

இப்பவும் மேட்ச் வந்தா சத்தத்தை ஏத்தி வெச்சுட்டு அதே இடத்துல உக்காந்துக்கிறார். யாராவது கம்மி பண்ணச் சொல்லுவாங்களான்னு கொஞ்ச நேரம் பாக்குறார். அப்புறம் அவரே எழுந்து போய்க் கம்மி பண்ணிடுறார்.